அந்தோனியம்மாள் பேசிய பதினோரு நிமிடம்

அந்தோனியம்மாளின் நுரையீரல் சுத்தமாக இருந்தது. 1984இல் அவர் இறந்தது மாரடைப்பால். எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், பழைய தழும்பு ஒன்றைத் தவிர வேறெதுவும் இல்லை என்று அவருடைய மகனிடம் சொல்லியிருக்கிறார். மகன் அற்புதராஜ் அதை என்னிடம் இரண்டு முறை சொன்னார். எனக்கு அது ஆறு வருடங்களுக்கு முன்பே தெரியும். மற்றவர்களுக்கும் தெரியப்படுத்தியிருக்க வேண்டியவன் நான். எழுதாமல் விட்டால், ஃபேரர் பார்க்கில் அந்த அம்மாவைப் பற்றி மிஞ்சப்போகும் செய்தி நான் பரப்பியது மட்டுமாக இருக்கும். அதனால் எழுதுகிறேன்.

ஜொகூரில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். பதினேழு வயதில் கல்யாணமாகிச் சிங்கப்பூருக்கு வந்தார். கணவர் குப்பை லாரியில் வேலை பார்த்து, மகனுக்குப் பதினாறு வயதாகும்போது போய்ச் சேர்ந்தார். அதன் பிறகு ஃபேரர் பார்க் பக்கத்துச் சமூக நிலையத்தில் கூட்டித் துடைக்கும் வேலை. நாலாவது மாடியில் இரண்டறை வீடு. மகன் பஸ் கண்டக்டர். இவ்வளவும் எனக்கு 1978இலேயே தெரியும். தெரிய வேண்டிய இன்னொன்று தெரியாமல் இருந்தது.

நான் செம்பவாங்கில் ஒரு கம்பத்தில், பலகை வீடுகள் நிறைந்த கிராமத்தில், வளர்ந்தவன். அப்பா கப்பல் பட்டறையில் பெயின்ட் அடித்தார். எங்கள் கம்பத்துத் தமிழர்களில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். அந்தப் பெருமையை மறைக்கவும் எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் வேலை. மாதத்தின் முதல் சனிக்கிழமை ‘நம்ம வட்டாரம்’ என்ற வானொலிக் கலந்துரையாடலை நடத்தும் வேலை. சமூக நிலையத்துக் கூடத்தில் ஐம்பது நாற்காலி போட்டு, ஒரு டாக்டரையோ அதிகாரியையோ உட்கார வைத்து, வட்டாரத்து மக்களைக் கேள்வி கேட்கச் சொல்வோம். தண்ணீர் ஜாடியில் கொசு, பின்சந்தில் குப்பை, சம்சு குடி, எச்சில் துப்புவது என்று மாதம் ஒரு விஷயம். அதற்கடுத்த வாரம் ஞாயிறு மத்தியானம் இரண்டு மணிக்கு அரை மணி நேரம் ஒலிபரப்பாகும். சாப்பிட்டுவிட்டு எல்லோரும் வீட்டில் இருக்கும் நேரம். தமிழ் வீடுகளில் ரேடியோ ஓடிக்கொண்டிருக்கும்.

அறிவிப்பில் என் பெயரை ‘தனசேகரன் பி.ஏ.’ என்றுதான் சொல்லச் சொல்வேன். ஒலிப்பதிவு செய்த நெய்னா முகம்மது அதற்காகவே என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. “என்ன பி.ஏ., ஆரம்பிக்கலாமா?” என்பார்.

அந்த ஜூலை மாதம் எடுத்த விஷயம் காசநோய். டாக்டர் நன்றாகப் பேசினார். இருமல் நின்றதும் பாதிப் பேர் ஊசியையும் மாத்திரையையும் விட்டுவிடுகிறார்கள், அறியாமைதான் காரணம் என்றார். நானும் அந்தச் சொல்லையே பிடித்துக்கொண்டு, “அறியாமையை ஒழிப்போம்” என்று முடித்தேன். கூட்டம் கலைந்தது. அந்தோனியம்மாள் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டே வந்தார்.

“என்ன தம்பி, டிபி வந்தவன் எல்லாம் மடையன்னு முடிச்சிட்டீங்க.”

நான் சிரித்து, டாக்டர் சொன்னதைத்தானே சொன்னேன் என்றேன்.

“டாக்டர் எங்க லா கியூவுல நின்னாரு? இருமல் நின்னதால யாரும் ஊசிய நிறுத்துறதில்ல. சொல்றதுக்குப் பொய் இல்லாமப் போறப்பதான் நிறுத்துறாங்க.”

துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அவர் சொன்னதை நின்றபடியே கேட்டேன். மூன்று வருடத்துக்கு முன் அவருக்கே வந்திருக்கிறது. தினமும் காலையில் கிளினிக் போக வேண்டும். நர்ஸ் ஊசி போடுவார். மாத்திரையை அவர் கண்ணெதிரே விழுங்க வேண்டும். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஒன்றரை வருடம். தினமும் ஒரே பஸ் ஸ்டாப்பில் நிற்பவரை, எங்கே போகிறீர்கள் என்று யாராவது கேட்கத்தானே செய்வார்கள்? வேலைக்கு ஏன் தாமதம் என்று கேட்பார்கள். பதில் வேண்டும். அந்தோனியம்மாள் சர்க்கரை வியாதி என்று சொல்லிவிட்டார்.

“சர்க்கரைன்னா மரியாத தம்பி. பணக்காரனுக்கு வர்றது. ஆனா பொய்ய ஒழுங்கா சொல்லணும்ல? அன்னியிலேர்ந்து போற வீட்டுல எல்லாம் எனக்கு தே ஓ கோசோங்.” சீனி போடாத கறுப்புத் தேநீர். அவருக்கோ இனிப்பு என்றால் உயிர். கிறிஸ்துமஸுக்குத் தன் கையால் சுட்ட அதிரசத்தைக்கூட வாயில் வைக்கவில்லை. நோய் குணமாகி, கிளினிக்கில் கார்டை மூடிக் கொடுத்த பிறகும் கோசோங் தொடர்ந்தது. சர்க்கரை வியாதி குணமாகிவிட்டது என்று யாரிடம் போய்ச் சொல்வது? உண்மை தெரிந்தவர் மகன் ஒருவர்தான். இப்போது நான் இரண்டாவது ஆள்.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. டாக்டருக்கும் தெரியாத விஷயம் இது. எந்தப் புத்தகத்திலும் இல்லாதது. இதை வானொலியில் சொல்லுங்கள் என்று கேட்டேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். பெயர் வராது, எந்த வட்டாரம் என்பதும் வராது என்றேன். யோசித்துவிட்டு, தான் சொன்னதை வேறு யாராவது படிக்கட்டும் என்றார். எங்கள் அறிவிப்பாளர் கமலா இருக்கிறாரே, அவர் அழகாகப் படிப்பாரே.

நெய்னாவும் அதையே சொன்னார். “கமலாவே வாசிக்கட்டும் பி.ஏ. அந்தம்மா பயப்படுது.” நான் ஒப்புக்கொள்ளவில்லை. அந்தோனியம்மாள் பேசும்போது ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசியிலும் குரல் மெல்ல இறங்கி, சற்று இழுத்து, ஒரு மூச்சு நிற்கும். கேட்பவர் மனம் அந்த இடைவெளியில் போய் உட்கார்ந்துகொள்ளும். கமலா அதை எப்படிப் படிப்பார்? அந்த இழுப்பு எங்கிருந்து வந்தது என்று நான் யோசிக்கவில்லை. படிக்காத பெண்மணிக்கு இயற்கையாக அமைந்த பேச்சழகு என்று நினைத்துக்கொண்டேன்.

“மைக்குல போனா குரல் வேற மாதிரி ஆயிடும்மா. உங்களுக்கே அடையாளம் தெரியாது, பாருங்க” என்றேன்.

அதை நான் பொய்யாகச் சொல்லவில்லை. முதன்முதலில் என் குரலை டேப்பில் கேட்டபோது யாரோ ஒருவன் பேசுகிறான் என்றுதான் நினைத்தேன். அவரை இரண்டு வாக்கியம் பேசச் சொல்லி, நெய்னாவை டேப்பைத் திருப்பிப் போட வைத்தேன். அந்தோனியம்மாள் காதைக் கிட்டே கொண்டுபோய்க் கேட்டார். முகம் மலர்ந்தது.

“இது நானா? வேற யாரோ சீக்காளிப் பொம்பள மாதிரியில்ல இருக்கு.” பிறகு முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, “அப்ப சரி தம்பி” என்றார்.

தன் குரல் தனக்கு மட்டும்தான் அந்நியமாகக் கேட்கும், மற்றவர்களுக்கு அது எப்போதும் கேட்கும் குரல்தான். கொஞ்சம் யோசித்திருந்தால் இது எனக்கே தெரிந்திருக்கும். இல்லை, நெய்னாவிடம் கேட்டிருக்கலாம். இருபது வருடம் அந்தத் தொழிலில் இருந்தவர். நான் கேட்கவில்லை.

மட்டைப்பந்துச் சாமான்கள் வைக்கும் அறையில், விசிறியை நிறுத்திவிட்டு, பதினோரு நிமிடம் பேசினார். ஓர் இடத்தில் சிரித்தார். இன்னோர் இடத்தில், கிளினிக் கியூவில் தெரிந்த முகம் ஒன்று எதிரே நின்றதையும், இருவரும் தரையையே பார்த்துக்கொண்டு நின்றதையும் சொன்னார். அதில் ஒரு வார்த்தையையும் விட எனக்கு மனம் வரவில்லை. அரை மணி நேரத்துக்குள் அடங்க வேண்டுமே என்று டாக்டர் பேச்சில் நாலு நிமிடத்தை வெட்டச் சொன்னேன். நெய்னா பிளேடால் டேப்பை நறுக்கி, துண்டை ஆணியில் மாட்டினார்.

ஞாயிறு ஒலிபரப்பானது. திங்கட்கிழமை காலை ஆசிரியர் அறையில், உடன் வேலை பார்த்த ஜோன் என் மேசைக்கு வந்தார். மாதா கோயிலுக்குத் தவறாமல் போகிற குடும்பம்.

“சேகர், நேத்து பேசினது எங்க ஜெபம் சொல்ற அம்மா தானே?”

யாரைச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். என் முகம் எப்படி இருந்ததோ, அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“அந்தோனியம்மா. எங்க அப்பா செத்தப்ப ஏழு நாள் எங்க வீட்டுல அவங்கதான் ஜெபமாலை சொன்னாங்க. அந்தக் குரல எப்படி மறக்கறது? எங்க அம்மா சோத்துத் தட்ட வச்சிட்டு எழுந்துட்டாங்க.”

அன்றுதான் தெரிந்தது. கோயிலைச் சேர்ந்த தமிழ் வீடுகளில் சாவு விழுந்தால் முதலில் சாமியாருக்கு ஆள் போகும், அடுத்து அந்தோனியம்மாளுக்கு. வெள்ளைச் சேலை உடுத்தி வந்து, பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்து ஜெபமாலையையும் மன்றாட்டு மாலையையும் அவர் முன்னால் சொல்ல, மற்றவர்கள் பதில் சொல்வார்கள். அடக்கத்துக்குப் பிறகும் ஏழு நாள் மாலையில் போவார். பதினெட்டு வருடமாக. அவர் வாயால் ஜெபம் சொல்லப்படாத வீடு அந்த வட்டாரத்தில் குறைவு. அழுதவர்கள் எல்லோருக்கும் மனப்பாடமான குரல் அது. நான் மயங்கிய அந்த இழுப்பும் மூச்சும் மன்றாட்டு மாலையிலிருந்து வந்தவை. கூட்டம் பதில் சொல்லி முடிப்பதற்காக அவர் விடும் இடம்.

நானும் கமலாவும் இந்துக்கள், நெய்னா முஸ்லிம். எங்களில் ஒருவர் அந்தக் கோயிலுக்குப் போகிறவராக இருந்திருந்தால் முதல் வாக்கியத்திலேயே தடுத்திருப்பார். அந்த அம்மா ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று பல நாள் கோபப்பட்டேன். பிறகு கோபப்பட வழியில்லாமல் போனது. ‘நான் ஜெபம் சொல்லுகிறவள்’ என்று தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வது அவருக்குப் பெருமையடிப்பதுபோல் இருந்திருக்கும். குரல் வேண்டாம் என்று மட்டும் சொல்லிப் பார்த்தார்.

சமூக நிலையத்தில் அவர் எப்போதும்போல வேலை செய்தார். என்னைப் பார்த்ததும், “நல்லா வந்துச்சுன்னு சொன்னாங்க தம்பி” என்றார். மன்னிப்புக் கேட்க வந்த நான் அதற்குத் தலையாட்டிவிட்டுப் போனேன்.

இரண்டு வாரம் கழித்து நிகழ்ச்சிக்கு ஒரு கடிதம் வந்தது. செம்பவாங்கில் இருந்து ஒருவர் எழுதியிருந்தார். ஊசியைப் பாதியில் விட்டவர். அந்த அம்மா பேசியதைக் கேட்டு மறுபடி கிளினிக்குப் போகிறாராம், தானும் சர்க்கரை என்றே சொல்லிக்கொள்கிறாராம். இதைக் காட்டினால் அவர் மனம் ஆறும், என் மனமும் ஆறும் என்று நினைத்து அன்று சாயங்காலமே நாலாவது மாடி ஏறினேன்.

கீழே புல்வெளியில் கொட்டகை போட்டிருந்தார்கள். பக்கத்து பிளாக்கில் அல்போன்சம்மாள் என்ற வயதானவர் அன்று காலை இறந்திருந்தார். மேலே அந்தோனியம்மாள் வீட்டுக் கதவு திறந்திருந்தது. வெள்ளைச் சேலை உடுத்தி, தலை வாரி, மடியில் ஜெபமாலையோடு வாசலைப் பார்த்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என் காலடிச் சத்தத்துக்குச் சட்டென்று எழுந்தவர், நான்தான் என்று தெரிந்ததும் மெதுவாக உட்கார்ந்தார்.

“வாங்க தம்பி. ஆள் அனுப்புவாங்கன்னு பாத்துக்கிட்டிருக்கேன். காலையிலேர்ந்து.”

அல்போன்சம்மாளின் கணவருக்கும் மூத்த மகனுக்கும் ஜெபம் சொன்னவர் இவர். ‘எனக்கும் நீதான்டி சொல்லணும்’ என்று அந்தக் கிழவி இவர் கையைப் பிடித்துச் சொல்லி வைத்திருந்தாராம். நான் கடிதத்தை எடுத்துப் படித்துக் காட்டினேன். முழுதும் கேட்டார்.

“அவருக்கு எத்தனை பிள்ளைங்களாம்?”

கடிதத்தில் அது இல்லை என்றேன்.

“நிறுத்தாம போகச் சொல்லி எழுதுங்க. லெட்டர நீங்களே வச்சுக்குங்க தம்பி. எனக்குப் படிக்கத் தெரியாது.”

அப்போது கீழேயிருந்து ஜெபம் சொல்லும் சத்தம் எழுந்தது. யாரோ ஒரு பெண் முன்னால் சொல்ல, கூட்டம் பதில் சொன்னது. அந்தோனியம்மாள் அசையாமல் கேட்டார். அவர் உதடு கூடவே முணுமுணுத்தது. ஓர் இடத்தில் நின்றது.

“வேகமா சொல்றா. பதில் சொல்றவங்களுக்கு மூச்சு விட எடம் குடுக்கணும்ல” என்றார், என்னிடம் இல்லை.

பிறகு எழுந்துபோய்த் தே கலந்தார். என் கிளாஸை நீட்டிவிட்டுத் தன் கிளாஸில் கெட்டிப்பாலை ஊற்றினார். அதன்மேல் மூன்று கரண்டி சீனி. நான் பார்ப்பதைப் பார்த்தார்.

“இனிமே யாருக்கு லா கோசோங்?”

ஒரு வாய் குடித்தார். முகம் சுளித்து, ரொம்ப இனிக்கிறது என்று சொல்லி, மீதியை அப்படியே வைத்துவிட்டார்.

மறுவாரம் நான் ஆம்ப்ரோஸைப் பார்க்கப் போனேன். கோயில் ஜெபக் குழுவுக்கு அவர்தான் பொறுப்பு. அந்தோனியம்மாளின் கிளினிக் கார்டைக் கேட்டு வாங்கிக் கையோடு எடுத்துப் போயிருந்தேன். குணமாகி ஒன்றரை வருடம் ஆகிறது, அவரால் யாருக்கும் எதுவும் வராது என்று ஒரு வகுப்பே எடுத்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கெட்ட மனிதர் இல்லை. நிகழ்ச்சியை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து கேட்டதாகவும், மிகவும் பயனுள்ளது என்றும் சொன்னார்.

“நான் யாரையும் தடுக்கல சார். செத்த வீட்டுக்காரங்க கூப்பிடல. மூடின ரூம்ல ரொம்ப நேரம் பேசுறவங்க வாயிலேர்ந்து பரவும்னு உங்க டாக்டர்தானே சொன்னாரு? ஜெபம்னா அதுதானே சார்? சின்னப் பிள்ளைங்க மடியில உக்காந்திருக்கும்.”

ஊசி போட ஆரம்பித்துச் சில வாரங்களில் பரவாமல் போய்விடும் என்பதையும் டாக்டர் சொன்னாரே என்றேன்.

“அப்படி எதுவும் வரலியே சார். முழுசாக் கேட்டேனே” என்றார்.

நெய்னாவிடம் ஓடினேன். வெட்டிய துண்டுகள் இன்னும் அந்த ஆணியில் தொங்கின. ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டோம். மூன்றாவது துண்டில் இருந்தது அந்த வாக்கியம். பரவும் விதத்தை வைத்துக்கொண்டு பரவாத விதத்தை வெட்டியிருக்கிறேன், அந்தோனியம்மாளின் பதினோரு நிமிடத்தில் ஒரு சொல்லும் குறையக் கூடாதென்று. நெய்னா அன்று என்னை பி.ஏ. என்று கூப்பிடவில்லை. “சேகரு, வீட்டுக்குப் போ” என்றார்.

அந்தத் துண்டை அடுத்த நிகழ்ச்சியில் போட்டு, அவரைப் பற்றியும் விளக்கிவிடுகிறேன் என்று அந்தோனியம்மாளிடம் போய் நின்றேன். கூடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. “டாக்டர் சொன்னத போடுங்க. என் பேச்ச திரும்ப எடுக்காதீங்க தம்பி” என்றார். அப்படியே செய்தேன். கொசு ஒழிப்பு நிகழ்ச்சியின் கடைசியில் நாற்பது விநாடி. யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு அவர் ஆறு வருடம் இருந்தார். ஞாயிறு பூசைக்குப் போவார். கடைசி பெஞ்சில், ஜன்னலோரம். சாவு வீடுகளுக்குப் போனால் கொட்டகைக்கு வெளியே நிற்பார். தே கொடுத்தால் அவருக்கு மட்டும் பேப்பர் கப் என்று ஜோன் ஒருமுறை சொன்னார். நான் 1980இல் கிளமெண்டிக்குக் குடிபோனேன். நிகழ்ச்சியும் அதே வருடம் நின்றது. கிறிஸ்துமஸ் பெருநாளுக்கு ஒரு முறை போய்ப் பார்ப்பேன். என் கல்யாணம், என் மகள் என்றே விசாரிப்பார். எங்களுக்குள் அந்தப் பேச்சே வராது. யாராவது கூப்பிட்டார்களா என்று கேட்கத் தோன்றும். கேட்டதில்லை. கூப்பிட்டிருந்தால் அவர் முகத்திலேயே தெரிந்திருக்கும்.

அவர் இறந்த மூன்றாம் நாள் அற்புதராஜ் கிளமெண்டி வீட்டுக்கு வந்தார். எக்ஸ்ரே விஷயத்தை அப்போதுதான் சொன்னார். பிறகு தயங்கி, “அம்மா பேசின டேப் உங்ககிட்ட இருக்குமா சார்? அம்மா குரல் எங்ககிட்ட இல்ல” என்றார்.

நெய்னா அப்போதே எனக்கு ஒரு கேசட்டில் எடுத்துக் கொடுத்திருந்தார். போட்டேன். இருவரும் ரேடியோப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து கேட்டோம். சர்க்கரை என்று பொய் சொன்ன இடத்தில் அந்தோனியம்மாள் சிரித்தார். மகனும் சிரித்தார். கியூவில் தெரிந்த முகத்தைப் பார்த்த இடம் வந்தது. முடிந்த பிறகும் டேப் வெறுமனே சுற்றியது. அவர் கையைத் தூக்கி, நிறுத்த வேண்டாம் என்பதுபோலக் காத்திருந்தார்.

“இவ்வளவுதானா சார்? ஜெபம் சொன்னது ஏதாச்சும்...”

இல்லை என்றேன்.

அவர் கேசட்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஏழாம் நாளுக்கு வரச் சொல்லிவிட்டுப் போனார். போனேன். வீட்டில் கூட்டம் அதிகமில்லை. ஆம்ப்ரோஸ் புத்தகத்தைப் பார்த்து மன்றாட்டு மாலையை வாசித்தார். எங்கே நிறுத்துவது என்று அவருக்குத் தெரியவில்லை. நாங்கள் பதில் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த வரிக்குப் போய்விட்டார்.